முப்பத்தொரு லட்சத்துக்கு ஒரு ஒண்ணு

டிஸ்கி: எனக்குக் கார் ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் பேந்தப் பேந்த முழிப்பேன். படித்தது பி.காம்., பிழைப்பு பேங்க். ஆகவே இது காரைப் பற்றிய பதிவு இல்லை, கார் விலையைப் பற்றிய பதிவு. எஞ்சின் ஆசாமிகள் மன்னிக்கவும்.

2019 பிப்ரவரியில் இந்தத் திருவனந்தபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு ஏலம் நடந்தது. ஏலத்துக்கு வந்தது கார் இல்லை, நம்பர். கே.எல்.-01-சி.கே.-1. உள்ளூர் வியாபாரி ஒருவர் தன் புது போர்ஷே 718 பாக்ஸ்டருக்காக அதை 31 லட்ச ரூபாய்க்கு எடுத்தார். 1 லட்சம் அரசாங்கக் கட்டணம், மீதி 30 லட்சம் ஏலத்தொகை. மறுநாள் எங்கள் பிராஞ்சில் டீ நேரம் முழுக்க இதே பேச்சுதான். கேஷ் கவுன்டரில் இருக்கும் பெண், "இந்தக் காசில் ஒரு ஃப்ளாட்டே வாங்கலாமே சார்" என்று அங்கலாய்த்தார். நான் மனசுக்குள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கு அந்த மனிதர் இந்தக் காரை அடமானம் வைத்துக் கடன் கேட்டால், மதிப்பீட்டுத் தாளில் இந்த 31 லட்சத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அப்படி ஒரு கட்டமே கிடையாது.

(அந்தத் தொகை இப்போது பழங்கதை. 2025 ஏப்ரலில் எர்ணாகுளத்தில் ஒரு லம்போர்கினி உருஸுக்காக கே.எல்.-07-டி.ஜி.-0007 என்ற நம்பர் 46 லட்சம் சில்லறைக்குப் போனது.)

யோசித்துப் பார்த்தால் இதைவிடச் சுத்தமான 'லிமிடெட் எடிஷன்' உலகத்திலேயே இல்லை. ஒன்றே ஒன்றுதான் உண்டு, இரண்டாவது வராது என்று அரசாங்கமே எழுதிக் கொடுக்கிறது. கார் கம்பெனிகள் தரும் வாக்குறுதி இந்த அளவுக்குக் கெட்டியானதா? இந்தக் கேள்வி என் மேஜைக்கே ஒருநாள் வந்தது.

2023-ல் ஒரு வாடிக்கையாளர் வந்தார். வளைகுடாவில் 22 வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பியவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், நான் அவரைச் சேட்டன் என்றுதான் கூப்பிடுவேன். பெங்களூரில் ஒருவர் விற்கிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வேண்டும். உலகத்துக்கே சில நூறுதான் செய்தார்களாம், இந்தியாவில் விரல்விட்டு எண்ணிவிடலாமாம். விலை 85 லட்சம். கையில் 25 இருக்கிறது. மீதி 60-க்கு நேமம் பக்கம் 7 சென்ட் இடமும் வீடும் ஈடு. வீடு சேச்சி பேரில். சேச்சியும் கூட வந்திருந்தார், பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல்.

"சாரே, இது வண்டி இல்ல, இன்வெஸ்ட்மென்ட். லிமிடெட் எடிஷன் விலை இறங்காது."

காரையே ஈடாக வைத்துக் கடன் தர முடியாதா என்று அவர் முதலில் கேட்டதற்குக் காரணம் சொல்கிறேன். நம் நாட்டு மோட்டார் இன்ஷூரன்ஸில் ஐ.டி.வி. என்று ஒன்று உண்டு. வண்டி முழுசாக நாசமானால் கைக்கு வரும் தொகை. அதற்கு ஒரு தேய்மான அட்டவணை இருக்கிறது. 6 மாதம் வரை 5 சதவீதம், 1 வருஷம் வரை 15, பிறகு 20, 30, 40, அஞ்சாவது வருஷம் 50. மாருதி ஆல்டோவுக்கும் இதே அட்டவணைதான், லிமிடெட் எடிஷனுக்கும் இதேதான். கவடியார் ரோட்டு வளைவில் அந்தக் கார் மரத்தில் மோதினால், "உலகத்திலேயே சில நூறுதான் இருக்கிறது" என்று சொல்லி அழ முடியுமே தவிர அதற்காகக் கூடுதலாக வாங்க முடியாது. ஆகவே பேங்க் காரை நம்பாது, வீட்டைத்தான் நம்பும். தவணை நின்றால் 2002-ஆம் வருஷச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதற்கப்புறம் வீடு ஏலம். அதைச் சேச்சி பக்கம் திரும்பித்தான் சொன்னேன்.

சேட்டன் விடவில்லை. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கதையை எடுத்தார். இந்த மாதிரி வருபவர்கள் எல்லாருமே எடுக்கிற கதைதான், ஆனால் உண்மையிலேயே பிரமாதமான கதை.

1962 முதல் 1964 வரை மொத்தம் 36 கார்கள். அமெரிக்காவில் புதுசின் விலை சுமார் 18,000 டாலர். பந்தயத்துக்காகச் செய்த வண்டி. இரண்டு மூன்று வருஷத்தில் புது மாடல் வந்ததும் பழைய இரும்பு. அதில் ஒன்றை டெக்சாஸில் ஒருவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார், பையன்கள் மெக்கானிக் வேலை பழகட்டும் என்று! 1972-ல் பள்ளிக்கூடம் அதைச் சுமார் 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் அதை ஓஹாயோவில் வருஷக்கணக்கில் திறந்தவெளியில் போட்டு வைத்திருந்தார். 2018-ல் கலிபோர்னியா ஏலத்தில் இன்னொரு ஜி.டி.ஓ. 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. 2023 நவம்பரில் நியூயார்க்கில் மற்றொன்று 5 கோடி டாலரைத் தாண்டியது. (எல்லாவற்றுக்கும் அப்பன், 1955-ஆம் வருஷ மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூபே. செய்ததே இரண்டு. கம்பெனியே வைத்திருந்து, 2022 மே மாதம் ஒன்றை மட்டும் 13.5 கோடி யூரோவுக்கு விற்றது.)

இதில் சேட்டன் கவனிக்காத ஒன்று உண்டு. 36 என்பது யாரும் விலையை ஏற்றுவதற்காக முன்கூட்டி அறிவித்த எண் இல்லை. அவ்வளவுதான் தேவைப்பட்டது, அவ்வளவுதான் செய்தார்கள். அபூர்வம் என்பதே பின்னால் வந்த விஷயம். நடுவில் அது பள்ளிக்கூடத்து ஷெட்டில் கிடந்த வருஷங்களில் யாராவது அதன்மேல் கடன் வாங்கியிருந்தால், வட்டியே அவரைச் சாப்பிட்டிருக்கும்.

முதலிலேயே எண்ணைச் சொல்லி, அந்த எண்ணைக் காட்டியே விற்கிற வழக்கம் பெரிய அளவில் சூடு பிடித்தது 1980-களின் கடைசியில். பேங்க்காரன் கண்ணுக்கு அந்த மூன்று வருஷம்தான் இந்தச் சரித்திரத்திலேயே ருசியான பகுதி.

1987-ல் ஃபெராரி எஃப்40 வந்தது. என்சோ ஃபெராரி உயிரோடு இருந்தபோது வந்த கடைசி ஃபெராரி. அடுத்த வருஷம் ஆகஸ்டில் அவர் காலமானார். முதலில் பேச்சு 400 கார்தான். கிழவர் போய்விட்டார், இனி இந்த மாதிரி வராது என்று கூட்டம் குவிந்தது. கார் கைக்கு வருவதற்கு முன்பே ஆர்டர் ரசீது கைமாறியது, நம்மூரில் ஃப்ளாட் புக்கிங் கைமாறுகிற மாதிரியே. பிரிட்டனில் 2 லட்சம் பவுண்டுக்குள் இருந்த காருக்கு வெளிச்சந்தையில் அதைப்போலப் பல மடங்கு. பந்தய வீரர் நைஜல் மேன்செல் தன்னுடையதைப் பத்து லட்சம் பவுண்டுக்கு விற்றதாகப் பேச்சு. கம்பெனி என்ன செய்தது? தேவை இருக்கிறதே என்று செய்துகொண்டே போனது. 1992-ல் நிறுத்தும்போது எண்ணிக்கை 1,300-க்கு மேல்! 400 என்று நம்பிக் கொடுத்தவன் யாரிடம் போய்க் கேட்பது? அந்த 400 எந்தப் பத்திரத்திலும் எழுதித் தரப்பட்டதில்லை.

ஜாகுவார் கதை இதற்கு நேர் எதிர். அவர்கள் எண்ணிக்கை வாக்கைக் காப்பாற்றினார்கள், மற்றதை எல்லாம் மாற்றினார்கள். 1988 அக்டோபரில் பர்மிங்காம் கண்காட்சியில் எக்ஸ்.ஜே.220 என்ற காரைக் காட்டினார்கள். 12 சிலிண்டர் எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் சக்தி. ஜனங்கள் காசோலைப் புத்தகத்தோடு நின்றார்கள். 1989 டிசம்பரில் அறிவிப்பு: அதிகபட்சம் 350 கார், விலை வரி நீங்கலாக 2,90,000 பவுண்ட், முன்பணம் 50,000 பவுண்ட். விலைவாசிக்கு ஏற்ப விலை ஏறும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்? கார் தயாரானபோது எஞ்சின் 6 சிலிண்டர் டர்போ, சக்தி பின் சக்கரத்துக்கு மட்டும். விலை 4 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது.

எஞ்சின் மாறியதால்தான் ஜனங்கள் ஓடினார்கள் என்று கார் புத்தகங்கள் எழுதும். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். நான் பார்ப்பது வேறு எண். பிரிட்டனில் அடிப்படை வட்டி 1988 மே மாதம் ஏழரை சதவீதம். 1989 அக்டோபரில் 15. சரியாக இரட்டிப்பு. ஜப்பானிலும் 1989 மே மாதம் இரண்டரையாக இருந்த மத்திய வங்கி வட்டி 1990 ஆகஸ்டில் 6 ஆனது. டோக்கியோவும் லண்டனும்தான் அந்தக் கார்களை வாங்கிக் குவித்த ஊர்கள். வட்டி ஏறினால் வருமானம் தராத எந்தச் சொத்தும் முதலில் தலைசாயும். நிலத்தையாவது குத்தகைக்கு விடலாம், தங்கத்தைக் கழுத்தில் போடலாம். ஷெட்டில் நிற்கும் கார் தினமும் காசு தின்னும்.

முன்பணம் கட்டினவர்கள் பின்வாங்கப் பார்த்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது, தீர்ப்பு கம்பெனி பக்கம் வந்தது. காரை எடுக்காமல் தப்பிக்க மேற்கொண்டு பணம் கட்டி விடுதலை வாங்கினவர்களும் உண்டு! 350-ல் 280 போலத்தான் தயாரானது. அதிலும் கடைசிக் கார்கள் பாதிக்கும் குறைவான விலைக்கு 1990-களின் பிற்பகுதியில்தான் விற்றுத் தீர்ந்தன. ஆக, சொன்னதைவிடக் குறைவாக, மேலும் அபூர்வமாகத்தான் ஆனது. விலை என்னவோ இறங்கியது.

நியாயமாக இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எஃப்40 இன்றைக்கு ஏலங்களில் 20 லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. எக்ஸ்.ஜே.220-ம் தேறிவிட்டது. 1990-களில் 106 மட்டும் செய்து, விற்கத் திண்டாடிய மெக்லாரன் எஃப்1-ல் ஒன்று 2021-ல் 2 கோடி டாலருக்குமேல் போனது. விலை திரும்ப வந்தது உண்மை. இருபது வருஷம் வட்டி கட்டாமல் காத்திருக்க முடிந்தவர்களுக்கு வந்தது.

"அதெல்லாம் சாய்ப்பு நாட்டுக் கதை சாரே" என்றார் சேட்டன். சரி, நம் நாட்டுக் கதைக்கே வருவோம்.

2012 ஜனவரி டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் திலீப் சாப்ரியா வடிவமைத்த டி.சி. அவந்தி காட்டப்பட்டது. பக்கத்தில் அமிதாப் பச்சன். இந்தியாவின் முதல் ஸ்போர்ட்ஸ் கார் என்று பத்திரிகைகள் கொண்டாடின. (கோவாவில் செய்த சான் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட் வண்டியை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.) கொஞ்சம்தான் செய்வோம் என்பது இதிலும் உண்டு. 310 குதிரைசக்தியில் வந்த ஒரு வகை 31 மட்டும் என்றார்கள். விலை 35 லட்சத்தை ஒட்டி. ரோட்டுக்கு வர 2015 ஆனது. நானே அந்தப் படத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் கொஞ்ச நாள் வைத்திருந்தேன், மறைப்பானேன்.

2020 டிசம்பரில் மும்பை போலீஸ் கொலாபா தாஜ் ஹோட்டல் பக்கம் ஓர் அவந்தியைப் பிடித்தது. தமிழ்நாட்டுப் பதிவெண். ஆவணங்கள் பார்வைக்குச் சரியாக இருந்தன. தோண்டிப் பார்த்தால் அதே எஞ்சின் நம்பர், அதே சேஸிஸ் நம்பரில் ஹரியானாவிலும் ஒரு பதிவு! 28-ஆம் தேதி சாப்ரியா கைதானார். கம்பெனியே தன் கார்களைத் தானே வாங்குவதுபோல் நிதி நிறுவனங்களில் கடன் எடுத்தது, பிறகு அதே கார்களை வெளியாருக்கும் விற்றது என்பது போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுதான், அதை அந்த அளவிலேயே வைத்துக்கொள்வோம். (கைது செய்த குழுவின் அதிகாரி சச்சின் வாசே, அடுத்த மார்ச் மாதம் அம்பானி வீட்டு வாசல் வெடிபொருள் வழக்கில் தானே கைதானது தனி நாவல்.)

அந்த வாரம் எங்கள் மாதிரி ஆபீஸர்களுக்குத் தூக்கம் வரவில்லை. வாகனக் கடனில் எங்களுக்கு இருக்கிற ஒரே பிடி ஆர்.சி. புத்தகத்தில் ஏறும் ஹைப்பாதிகேஷன் வரி. ஒரு வண்டிக்கு ஒரு சேஸிஸ் நம்பர், ஒரு நம்பருக்கு ஒரு ஆர்.சி. என்கிற நம்பிக்கையில்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது. ஆல்டோ என்றால் சந்தேகம் வந்ததும் பக்கத்து ஷோரூமில் கேட்டுவிடலாம். மொத்தமே நூற்றுச் சொச்சம் ஓடுகிற காருக்கு யாரிடம் கேட்பது, செய்தவரைத் தவிர?

நம் நாட்டு விலையில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. அபூர்வத்தில் பாதி, சுங்கம் உண்டாக்கின அபூர்வம். வெளிநாட்டில் முழுசாகச் செய்து வருகிற, 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்குப் பல வருஷமாகச் சுங்கம் 100 சதவீதத்துக்கு மேல். 2025 பட்ஜெட்டில் பெயர்களை மாற்றி 70-ம் 40-மாகப் பிரித்தார்கள், கூட்டினால் 110. மேலே மாநில வரி. 2017-ல் கேரளத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். அதைத் தவிர்க்கப் பிரபலங்கள் பலர் புதுச்சேரியில் வீட்டு முகவரி காட்டிப் பதிவு செய்து, அந்த வருஷம் அது பெரிய வழக்கானது. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாகக் கொண்டுவந்ததாகச் சொல்லப்பட்ட கார்களைத் தேடி இங்கே சுங்கத் துறை நடத்திய சோதனையும் இதே வயிற்றுப் பிள்ளைதான். விலையில் பாதி வரி என்றால், வரியை இறக்கும் அன்று பழைய காரின் விலையும் சேர்ந்து இறங்கும். 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் பிரிட்டிஷ் கார்களுக்குச் சுங்கம் படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். லிமிடெட் எடிஷன் என்று கம்பெனி போட்ட எண்ணை, டெல்லியில் ஒரு கையெழுத்து எடுத்துச் சாப்பிட்டுவிடலாம்.

நான் பரிந்துரைக்கவில்லை. மேனேஜரும் ஒப்புக்கொண்டார். சேட்டன் கோபமாகத்தான் எழுந்து போனார். சேச்சி திரும்பிப் பார்த்தாரா என்று ஞாபகமில்லை.

2025-ல் ஒருநாள் டெபாசிட் புதுப்பிக்க வந்தவர் மொபைலை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். அதே கார். கொச்சியில் 98 லட்சத்துக்குக் கைமாறிவிட்டது. "பதிமூணு லட்சம், சாரே."

நான் கால்குலேட்டரை எடுத்தேன். 60 லட்சத்துக்குப் பத்து சதவீதம் வைத்தாலும் இரண்டு வருஷ வட்டி 12. இன்ஷூரன்ஸ் இரண்டு தடவை. டயர், சர்வீஸ், புரோக்கர். உங்கள் 25 லட்சம் டெபாசிட்டில் ஈட்டிய வட்டியையும் கழியுங்கள். ஏழெட்டு லட்சம் கைநஷ்டம் என்று தாளைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "சரி சாரே. ரெண்டு வருஷம் நான் ஓட்டியிருப்பேனே, அதை எங்க எழுதியிருக்கு?"

எழுதவில்லை. அதற்கும் கட்டம் இல்லை :-)

இந்த ஊரில் கார் என்று பேச்செடுத்தால் கடைசியில் பட்டம் அரண்மனை பென்ஸில்தான் வந்து நிற்கும். திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் 180 டி. 1950-களில் 12,000 ரூபாய்க்கு வாங்கியது, கர்நாடகப் பதிவெண், சி.ஏ.என். 42. லிமிடெட் எடிஷன் எல்லாம் இல்லை, அந்த வரிசைக் கார்கள் லட்சக்கணக்கில் ரோட்டுக்கு வந்தவை. 12,000 ரூபாயை அன்றைக்குத் தங்கத்தில் போட்டிருந்தால், பத்து கிராம் சுமார் 80 ரூபாய் கணக்கில் ஒன்றரைக் கிலோ. 2025-ல் கிராம் பத்தாயிரத்தைத் தாண்டிய விலைக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல். எந்தக் கார் நிபுணரும் ஒரு 180-க்கு அந்த விலை சொல்லமாட்டார்.

ஆனால் அவர் அதை ஓட்டினார். லட்சக்கணக்கான மைல் ஓடியதற்காகக் கம்பெனி கொடுத்த பதக்கங்கள் காரிலேயே பதித்திருந்தன. இரண்டு புது பென்ஸ் தருகிறோம், இதைக் கொடுங்கள் என்று கம்பெனி கேட்டு அவர் மறுத்துவிட்டார் என்று இங்கே பத்திரிகைகள் எழுதின. 2013 டிசம்பர் 16-ல் அவர் காலமானார். கார் விற்கப்படவில்லை. 2022 மே மாதம், அவர் விருப்பப்படி நண்பர் யூசஃப் அலிக்கு, லுலு குழுமத் தலைவருக்கு, அதைப் பரிசாகக் கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது.

சேட்டனிடம் இதைச் சொன்னேன். பென்ஸின் சந்தை விலை என்ன என்று அவர் கேட்கவில்லை. எந்த வருஷ மாடல் என்றுதான் கேட்டார்.